கேட்கும் அரசும் சொல்லும் குடிகளும்

(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



இணையத்தின் வாயிலாக அரசாங்கங்கள் தம் குடிகளை ஆட்சியிற் பங்குகொள்ளச் செய்வது எங்ஙனம் என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். மிஷன் பாடசாலையிலே பயின்ற காலத்தில் விவாத அரங்குகளில் ஏறி, எந்தப் பக்கத்தைத் தந்தாலும் அந்தப் பக்கத்துக்காக வாதிடும் பழக்கம் எமக்கு உண்டு. ஆனால் இவ்விஷயத்தில் இரு பக்கங்களும் எம்முள்ளேயே நின்று வாதிடுகின்றன. ஆகவே வாதத்தை விட்டு, அறிந்ததையும் பட்டதையும் சொல்ல விரும்புகின்றோம்.

விண்ணப்பம் எழுதுவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. கச்சேரி வாசலில் மரநிழலில் மேசை போட்டுப் பெட்டிசம் எழுதிக்கொடுத்துப் பிழைத்தவர்களை இங்குள்ள பெரியோர் கண்டிருப்பீர்கள். எழுதியது மேலிடத்துக்குப் போனதோ, வழியில் எங்கேனும் தங்கிற்றோ என்பது எழுதுவித்தவருக்குத் தெரியாது. 1841ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனார் தொடக்கிய உதயதாரகைப் பத்திரிகையும், பின்னர் சைவப் பெருமக்கள் நடத்திய பத்திரிகைகளும் பொதுசன அபிப்பிராயம் என்றொன்றை இந்நாட்டில் உண்டாக்கின. அரசுக்குச் சொல்ல வேண்டுமென்ற ஆவல் எம்மவரிடம் அன்றே இருந்தது. கேட்பவர் யார் என்பதே அன்றுதொட்டு எழும் வினா.

இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். டொனமூர் ஆணைக்குழு 1927இல் இலங்கைக்கு வருமுன்னர் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவிலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர். படிப்பும் சொத்தும் உடையோர்க்கே வாக்கு. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களுக்கும் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்கு என்று ஆணைக்குழு கூறியபோது, எழுத்தறியாதார் கையில் வாக்கைக் கொடுத்தால் நாடு என்னாகும் என்று கற்றறிந்த தலைவர்கள் பலர் அஞ்சினர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே எதிர்த்தவர்களுள் ஒருவர். அவரது கல்வித் தொண்டுக்குத் தலை வணங்கும் நாம், இவ்விஷயத்தில் அவர் பக்கம் நிற்க இயலாதவர்களாயிருக்கின்றோம். பின்னர் 1931ஆம் ஆண்டிலே, பூரண சுயராச்சியம் இல்லையென்ற காரணத்தால், ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் வளர்த்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அவ்வாசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அது சரியோ பிழையோ என்று இன்றும் பெரியோர் வாதிடுகின்றனர். அக்காலத்து மாணவர்கள் தாள், பேனா, மேடை ஆகிய மூன்றையும் கொண்டே ஒரு குடாநாட்டை ஒன்றாகப் பேசவைத்தார்கள் என்பதே எம்மை வியக்கச் செய்வது. கைத்தொலைபேசி அவர்களிடம் இருக்கவில்லை.

இனி உலகத்தைச் சற்றுப் பார்ப்போம்.

பால்ட்டிக் கடலோரத்துச் சிறு நாடாகிய எஸ்தோனியாவில் 2005ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் இணையவழி வாக்களிப்பு முதன்முதல் நடைபெற்றது. 2023ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குகளிற் பாதிக்கு மேல் அவ்வழியே வந்தன. அங்கே ஒவ்வொரு பிரசையிடமும் மின்னணு அடையாள அட்டை உண்டு. வீட்டிலிருந்து வாக்களிக்கும்போது பக்கத்தில் நின்று ஒருவர் அதட்டினால் என் செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: குறித்த நாட்களுக்குள் எத்தனை முறையும் வாக்கை மாற்றலாம், இறுதியாக இட்டதே கணக்கில் எடுக்கப்படும், சாவடிக்குச் சென்று தாளில் வாக்களித்தால் இணையவாக்கு தானாகவே செல்லாததாகிவிடும். மனிதரின் பலவீனத்தை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

பிரித்தானியாவிலே இணைய விண்ணப்பத்தில் 10,000 பேர் ஒப்பமிட்டால் அரசாங்கம் பதில் கூறும். ஒரு இலட்சம் பேர் ஒப்பமிட்டால் பாராளுமன்றத்தில் விவாதிக்கலாமா என ஆலோசிக்கப்படும். 2007இல் வீதிகளுக்குக் கட்டணம் அறவிடும் திட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 18 இலட்சம் பேர் ஒப்பமிட்டது பேசப்பட்ட நிகழ்ச்சி. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகவேண்டாமென்று 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். எனினும் பிரித்தானியா விலகிற்று.

தாய்வான் நாட்டு முயற்சியே எம் மனத்துக்கு மிகவும் உவப்பானது. 2014இல் மாணவர் கிளர்ச்சியொன்று அங்கே பாராளுமன்றத்தையே கைப்பற்றி அமர்ந்தது. கிளர்ச்சி ஓய்ந்தபின் அரசாங்கம் கணினி வல்லுநரான இளைஞர்களை அழைத்து, மக்கள் கருத்தை அறிய வழிசொல்லுங்கள் என்றது. அவர்கள் கைக்கொண்ட ஏற்பாட்டில் ஒருவர் தம் கருத்தைச் சில வரிகளில் எழுதலாம். மற்றவர்கள் உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று மாத்திரம் குறிக்கலாம். மறுமொழி எழுத இடமில்லை! வசைமொழிக்கு வாசலை அடைத்துவிட்டார்கள். எதிரெதிர்க் கூட்டத்தார் இருவரும் எந்தெந்தக் கருத்தில் ஒன்றுபடுகிறார்கள் என்பதை யந்திரம் படமாக வரைந்து காட்டும். 2015இல் ஊபர் வாடகைக் கார்கள்பற்றிய பிணக்கை இவ்வாறே ஆராய்ந்து, அங்கே தோன்றிய இணக்கத்தை விதிகள் ஆக்குவதற்குப் பயன்படுத்தினர். எமது ஊர்க் கோயிற் பொதுக்கூட்டங்களிற் சிலவற்றுக்கும் இம்முறை உதவுமென்று நாம் எண்ணுவதுண்டு. அதனை இவ்வளவில் நிறுத்துவோம்.

ஐஸ்லாந்தின் கதை வேறு. சனத்தொகை மூன்று இலட்சத்துச் சொச்சம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எமது யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகையே 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கு மேல். வங்கிகள் வீழ்ந்து நாடு நிலைகுலைந்தபின், 2011இல் இருபத்தைந்து பேர் கொண்ட சபையொன்று புதிய அரசியலமைப்பை வரைந்தது. வரைந்த வாசகங்களை அவ்வப்போது இணையத்தில் இட்டு, மக்கள் கூறியவற்றைக் கேட்டுத் திருத்திற்று. 2012 ஒக்டோபரில் நடைபெற்ற மக்கள் கருத்தறியும் வாக்கெடுப்பில், இவ்வரைவே அடிப்படையாதல் வேண்டுமென்று வாக்களித்தோரில் மூன்றிலிரு பங்கினர் கூறினர். பாராளுமன்றமோ அதனை நிறைவேற்றவில்லை.

ஐஸ்லாந்து ஏன் இங்கே வந்தது என்று நீங்கள் கேட்குமுன் எமது தீவுக்கு வருகின்றோம். 2015ஆம் ஆண்டின் இறுதியில், அரசியலமைப்புச் சீர்திருத்தம்பற்றி மக்கள் கருத்தைக் கேட்டறிய சட்டத்தரணி லால் விஜேநாயக்க அவர்கள் தலைமையில் இருபது பேர் கொண்ட குழு நியமிக்கப்பட்டது. நேரில் வரலாம், தபாலில் எழுதலாம், தொலைநகல் அனுப்பலாம், மின்னஞ்சல் செய்யலாம் என்றார்கள். 2016இன் முற்பகுதியில் யாழ்ப்பாணம் உட்பட எல்லா மாவட்டங்களிலும் அமர்வுகள் நடந்தன. நேரில் வந்து சாட்சியம் அளித்தோர் 2,500 பேருக்கு மேல். தபாலிலும் கையிலும் தரப்பட்டவை சுமார் 700. மின்னஞ்சலில் வந்தவை சுமார் 800. தொலைநகலில் 150 அளவு. இத்தொகைகளைச் சற்று நிதானித்துப் பாருங்கள். இணையம் வந்த காலத்திலும், வீட்டிலிருந்தே எழுதலாமென்று சொன்னபோதும், பெரும்பாலார் பஸ் ஏறி வந்து மண்டபத்தில் காத்திருந்து, ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவே விரும்பினார்கள். காணி போனவர்களும், பிள்ளையைத் தேடும் தாய்மாரும் சொல்லவேண்டியது மின்னஞ்சலில் அடங்குமோ? இணையவழி பயனற்றதென்று நாம் கூறவில்லை. கொழும்பிலும் கடல்கடந்தும் இருந்தோர்க்கு அதுவே வழி. ஆயினும் கேட்பவர் தெரிந்தாற்றான் சொல்பவருக்கு வாய் திறக்கும்.

குழு 2016 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பாராளுமன்றம் அரசியலமைப்புப் பேரவையாக அமர்ந்தது. 2017 செப்ரெம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. 2018 ஒக்டோபரில் கொழும்பிலே ஆட்சிக் குழப்பம் வந்தது. புதிய அரசியலமைப்பு வரவில்லை. ஐஸ்லாந்துக்காரர் எமக்கு அண்டை வீட்டார்தாம்.

ஆனால் அதே காலத்தில் சத்தமின்றி வந்த ஒரு நன்மை இன்றும் எம்முடன் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையே குறிப்பிடுகின்றோம். அது 2017 பெப்ரவரி 3ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அரசாங்கத் திணைக்களம் ஆயினும், பிரதேச சபை ஆயினும், அதன் கையிலுள்ள தகவலை இந்நாட்டுப் பிரசை எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. தருவதா மறுப்பதா என்ற முடிவைத் தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுள் தெரிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இவையெல்லாம் பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத பகுதி ஒன்றுண்டு. உள்நாட்டுப் பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டுப் பணத்தில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட கருத்திட்டங்களின் விபரத்தை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, நாம் கேளாமலே பொதுமக்களுக்கு வெளியிட வேண்டுமென்று அச்சட்டம் விதிக்கிறது. எமதூரில் வேலை ஒன்று நடக்கப்போகின்றதென்பதை, கல்லும் மண்ணும் வந்து கொட்டப்பட்ட பின்னரன்றி முன்னர் அறிந்தவர் இச்சபையில் எத்தனை பேர்? கை உயர்த்த வேண்டாம். வினா மனத்தளவில் நிற்கட்டும்.

வெளியிடுவது வேறு, அறிவிப்பது வேறு. இவ்வேறுபாட்டை 2025ஆம் ஆண்டு எமக்குக் கசப்பாகக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் 28ஆம் தேதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுள் முன்வரவேண்டும், இல்லையேல் அவை அரச காணியாகக் கொள்ளப்படலாம் என்றது. வர்த்தமானி இணையத்தில் எவரும் பார்க்கத்தக்கதாகவே கிடந்தது. சட்டப்படி உலகறிய வெளியிடப்பட்டதுதான். ஆயினும் உறுதி எரிந்துபோனவர், இடம்பெயர்ந்து வன்னியிலே தங்கிவிட்டவர், கனடாவிலும் தமிழ்நாட்டு முகாமிலும் இருப்பவர் ஆகிய இவர்கள் எல்லாம் நாள்தோறும் வர்த்தமானியைத் திறந்து பார்ப்பார்களா? பாராளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடுக்கப்பட்டது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் அறிவித்தலை மீளப் பெற்றுக்கொண்டது. நல்லது நடந்தது. ஆனால் பத்திரிகைக்காரரும் வழக்கறிஞரும் கண்ணுறாது விட்டிருந்தால் அந்த மூன்று மாதங்கள் ஓசையின்றிக் கழிந்திருக்குமே என்பதை எண்ணும்போது எமக்கு உடல் நடுங்குகிறது.

மொழியைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியென்றது. ஆயினும் அரச இணையத்தளங்களிலே தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், தலைப்புத் தமிழிலும் உள்ளே ஆங்கிலமுமாகச் சில. ஈராண்டுப் பழைய செய்தியோடு நிற்பவை சில. பாமினி எழுத்துருவில் தட்டெழுதி ஏற்றிய அறிக்கைகள் வேறு. அவை கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். காணி என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒருங்குறி எழுத்தில் ஏற்றுங்கள் என்று எழுதிக் கேட்பதற்குப் பெரும் போராட்டம் ஒன்றும் தேவையில்லை. இதனையாவது எமது சங்கம் செய்யலாம்.

இன்னொரு கவலை. சொல்லச் சொல்லும் அரசே வாயை மூடவும் வல்லது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்பிரில் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்பிரில் 3ஆம் தேதியும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. முன்னிரண்டுக்கும் வெறுப்புப் பேச்சைத் தடுத்தல் என்ற காரணமாவது இருந்தது. மூன்றாவதில் மக்கள் கேட்டது எரிவாயுவும் மின்சாரமும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வருமுன், அதனை எதிர்த்துப் பலர் உயர் நீதிமன்றம் சென்றனர். இணையத்தைப்பற்றிய சட்டத்தைத் தடுக்கக் குடிகள் நாடியது இணையத்தையன்று, நீதிமன்றத்தையே.

எந்த இணையத்தளமும் தேர்தலுக்கு ஈடாகாது என்பதும் சொல்லவேண்டியதே. எமது வட மாகாண சபைக்கு 2013 செப்ரெம்பரில் முதற்றேர்தல் நடந்தது; 38 உறுப்பினர் அமர்ந்தனர். 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 2025ஆம் ஆண்டு முடியும்வரை மறுதேர்தல் நடைபெறவில்லை. மாகாணத் திணைக்களங்களின் இணையத்தளங்கள் மாத்திரம் இடையறாது நடந்தன. முறைப்பாடு செய்ய இடமுண்டு. பொறுப்புக்கூறும் பிரதிநிதி இல்லை.

இனி நாம் பட்ட கதை. எமதூரிலே கோயிலுக்குப் பின்னால் செல்லும் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டார்கள். வீதி உயர்ந்தது, மதகு வைக்கவில்லை, மாரிக்கு வெள்ளம் வீடுகளுக்குள் ஏறிற்று. நாமும் தோழர் மூவரும் ஓர் அலுவலகத்தின் இணைய முறைப்பாட்டுப் பக்கத்தில் படங்களோடு எழுதினோம். உடனே இலக்கம் ஒன்று வந்தது. எமக்குப் பெருமகிழ்ச்சி! அயல்வீட்டு ஆச்சிக்குக் கைத்தொலைபேசியிலே அதனைக் காட்டினோம். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஏன் பிள்ளையள், உந்தப் பெட்டிக்குள்ள எழுதினதைக் கேக்கிறதுக்கு ஆரேன் இருக்கினமோ?” என்றார். படியாதவர் கேள்வி என்று நாம் உள்ளூரச் சிரித்தோம்.

நான்கு மாதம் கழிந்தது. பதில் இல்லை. பின்னர் அவ்வலுவலகத்துக்கே தகவல் உரிமை விண்ணப்பம் கொடுத்தோம். மதகைப்பற்றிக் கேட்கவில்லை, எம் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று மாத்திரம் கேட்டோம். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. அப்பக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார் என்றும், கடவுச்சொல் அவருடன் போய்விட்டபடியால் அதன்பின் வந்த முறைப்பாடுகள் திறக்கப்படவில்லை என்றும், நேர்மையாக எழுதியிருந்தார்கள். அந்த நேர்மைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆச்சியிடம் போய், “ஒருத்தரும் இருக்கேல்லை ஆச்சி” என்றோம். அவர் சிரிக்கவில்லை.

அச்சட்டத்திலே இன்னொரு பிரிவு உண்டு. எழுத இயலாதவர் வாயாற் கேட்கலாம். தகவல் அலுவலர் அதனை எழுத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் ஆச்சி மறுநாட் காலை வெள்ளைச் சேலை உடுத்து வந்து நின்றார். சயிக்கிளில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒழுங்கை வேலையின் மதிப்பீட்டில் மதகு இருந்ததா, இல்லையா, இருந்தால் அது எங்கே என்பதே அவர் கேட்டது. இளம் உத்தியோகத்தர் ஒருவர் கதிரை கொடுத்து இருத்தி, பொறுமையாகக் கேட்டு எழுதினார். எழுதி முடித்ததும், “வாசிச்சுக் காட்டும் தம்பி” என்றார் ஆச்சி. அவர் வாசித்தார். வெள்ளம் முழங்காலளவு நின்றது என்ற இடம் வந்ததும் ஆச்சி கையைத் தூக்கி மறித்தார்.

“முழங்கால் இல்லைத் தம்பி, இடுப்பு. வெட்டிப்போட்டு எழுதும்.”

அவர் வெட்டி, எழுதி, பக்கத்திலே தம் சுருக்கொப்பத்தையும் இட்டார். பதினான்கு வேலை நாட்களில் ஆறு நாட்கள் இன்று சென்றிருக்கின்றன.